காலை ஐந்தரை மணி மைதானம்: ஒரு கபடிப் பையனின் புகார் எங்கெல்லாம் போய்த் திரும்பியது

சனிக்கிழமை காலையில் மகனுக்கு எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்த அம்மா, அவன் கெண்டைக்காலில் நாலு தடிப்பைப் பார்த்தார். கேட்டதற்கு, "வேலிக் கம்பி கிழிச்சிட்டும்மா" என்றான். கம்பி கிழித்தால் நாலு கோடும் ஒரே அகலத்தில் இருக்காது. அந்த அம்மா பீடி சுற்றுகிறவர். இருபது வருடமாக இலையை ஒரே அளவில் நறுக்கிப் பழகிய கண். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே பையன் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு கிடந்ததும், ராத்திரிச் சோற்றை ஒதுக்கியதும் வரிசையாக நினைவுக்கு வந்திருக்கின்றன. செவ்வாய்க்கிழமை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

நான் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது என்பதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, விசாரணைக்கு வந்த குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. அது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் பக்கத்தில் ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் மீதியை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

நடந்தது

பையனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. நல்ல ரைடர். கால் நீளம், திரும்புகிற வேகம், எதிராளியின் தோளைப் பார்த்தே பிடி எங்கிருந்து வரும் என்று கணிக்கிற புத்தி எல்லாம் இருந்தது. அப்பா சென்னையில் பலசரக்குக் கடையில் வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை, கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் வருவார்.

அவன் விளையாடியது பள்ளி அணிக்காக இல்லை. ஊர்க் கபடிக் குழு ஒன்றுக்காக. பள்ளி மைதானத்தில்தான் பயிற்சி, ஆனால் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை. தலைமையாசிரியரிடம் எப்போதோ வாய்மொழியாகக் கேட்டு வாங்கிய அனுமதி. மானத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர் என்பதை இந்தச் சீமையில் கபடி ஆடும் எல்லாப் பையன்களும் ஒருநாள் கேட்டுத்தான் வளர்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு கணக்கும் ஓடும். மாநில அளவில் ஆடினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. அந்தக் குழுவிலிருந்து போலீஸ் வேலைக்குப் போன பையன்கள் உண்டு. அதனால் கோச்சை ஊரில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

சப்-ஜூனியர் ஆண்கள் பிரிவுக்கு எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது. பையன் 57-க்குப் போய்விட்டான். வளர்கிற வயதில் வேறு என்ன செய்வான்? அணித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவனுக்கு இரண்டு பனியன், மேலே மழைக்கோட்டு போட்டு ஓட விட்டிருக்கிறார்கள். பயிற்சி முடிகிறவரை தண்ணீர் கிடையாது. ராத்திரி சோறு கிடையாது. எடை இறங்காத நாளில் பிவிசி பைப். நாலு தடிப்பு அங்கிருந்து வந்தது.

இது கோச் செய்தது. இதற்கு அடியில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, அதைப் பையன் கடைசிவரை அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னான். சீனியர் பையன்கள் அவனுக்கு 'இட்லிக் கொப்பரை' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர்கள் பனியனை அவன்தான் துவைத்துக் காயப்போட வேண்டும். ஒருநாள் அவனை ஜட்டியோடு எடை மிஷின் மேல் நிற்க வைத்து வீடியோ எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். கோச்சும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தார். அவர் அதற்குக் கை தட்டுகிற படம் ஒன்று போட்டிருந்தார்.

"அடிச்சது வலிச்சிச்சால?" என்று கேட்டேன்.

"அது பழகிட்டு சார். அந்த வீடியோவ எங்க கிளாஸ் பிள்ளைக பாத்துட்டாளுவ."

இதை எழுதுகிற இடத்தில் நின்று நான் ஒன்று யோசிக்கிறேன். நாம் அடியைத்தான் புகாராக எழுதிக் கொடுத்தோம். அவனுக்கு அடி ஐந்தாவது ஆறாவது இடத்தில் இருந்தது.

கதவுகள்

முதலில் பள்ளி. தலைமையாசிரியர் நல்ல மனிதர், பதறிப்போனார். ஆனால் அவர் சொன்னதில் தவறும் இல்லை: பள்ளி நேரம் இல்லை, பள்ளி அணி இல்லை, பள்ளி ஆசிரியர் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அருமையான பிரிவு. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரை. நம் பையன் ஒன்பதாம் வகுப்பு. 2021-இல் சென்னையில் ஒரு பள்ளி ஆசிரியர் மேல் பாலியல் புகார்கள் வெடித்த பிறகு அரசு பள்ளிகளுக்கு மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு கொண்டுவந்தது. 'மாணவர் மனசு' பெட்டியும் சுவரில் தொங்குகிறது. பூட்டின கேட்டுக்கு உள்ளே. காலை ஐந்தரை மணிக்குப் பையன்கள் ஏறிக் குதிக்கும் மதில் கேட்டுக்கு வெளியே.

அடுத்தது போட்டி நடத்துகிற சங்கம். பொறுப்பாளர் ஒருவரைப் பிடித்தோம். அணியின் பெயர் பதிவில் இருக்கிறது, பையன்களின் ஆதார், வயதுச் சான்று எல்லாம் இருக்கிறது. கோச் யார் என்ற கட்டத்தில் ஒரு செல்போன் எண் மட்டும் இருந்தது. "கோச்சிங் எப்படிக் கொடுக்காங்கன்னு நாங்க பாக்கிறதில்ல சார், வயசும் வெயிட்டும்தான் பாப்போம்" என்றார். அந்த எடைக்காகத்தான் அடி விழுந்தது என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

காவல் நிலையத்தில் மனுவை வாங்கி, வாங்கியதற்கு ரசீதாக சிஎஸ்ஆர் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஊருக்குள்ள பேசி முடிச்சிருங்க" என்றார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு சொல்கிறது. அவரைப் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டதும் பேச்சின் தொனி மாறியது. பிரிவு எண் தெரிந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கூட வந்தால் இப்படி. பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தனியாக வந்த அம்மாவாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையில் நகர்ந்தது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அடித்த போனால்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்தார்கள், பையனிடம் தனியாகப் பேசினார்கள், குழந்தைகள் நலக் குழு முன்னால் விஷயம் போனது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும். குழந்தையைத் தன் பொறுப்பில் அல்லது கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் அடித்தாலோ, தேவையில்லாத உடல் வேதனையோ மன வேதனையோ வரும்படி நடத்தினாலோ மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'கட்டுப்பாட்டில்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் கோச் வந்துவிடுகிறார்.

ஆனால் சீனியர் பையன்கள்? இருவருக்கும் 17 வயது. சட்டத்தின் கண்ணில் அவர்களும் குழந்தைகள்தான். வழக்கென்று போனால் இளைஞர் நீதிக் குழுமம். அந்த அம்மா அதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அந்தப் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகதான சார். கேசு கீசுன்னு போனா வேல கெடைக்குமா? அவங்கள விட்டுருங்க, எம்புள்ளைய விட்டாப் போதும்." அவருடைய பயம் கருணையால் மட்டும் வந்ததில்லை. சீனியர்கள் வேறு தெரு.

தெருவைப் பற்றி

இதைச் சொல்லாமல் நெல்லைச் சீமையில் விளையாட்டைப் பற்றி எழுத முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கைக்கயிறு, நெற்றிப் பொட்டு, மோதிரம் என்று சாதி அடையாளம் எதுவும் பள்ளிக்குள் வரக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் போன பிளஸ் ஒன் மாணவனைப் பேருந்தை மறித்து வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

எங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் யாருக்கு எந்தப் பட்டப்பெயர், யார் பனியனை யார் துவைப்பது என்பதெல்லாம் மைதானத்தில் யதேச்சையாக முடிவாவதில்லை. பள்ளிக்குள் கயிற்றை அறுத்தால் மைதானத்தில் பனியன் நிறமாக வரும். அது தனிக் கட்டுரை, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கோச்

குழந்தைகள் நலக் குழு அழைத்த பிறகு ஒரு சாயங்காலம் கோச் என் வீட்டுக்கு வந்தான். வந்தான் என்று எழுதுகிறேன், ஏனென்றால் அவன் என் மாணவன். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை என்னிடம் ஆடியவன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நீங்க விசில் கயித்தால அடிச்சுத்தான நாங்க வெளாட்டுப் படிச்சோம். ஒருநாளாவது எங்கம்மா ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாளா?"

பதில் சொல்ல முடியவில்லை. அடித்திருக்கிறேன். வரிசை வளைந்தால், லேட்டாக வந்தால், சில நாள் வீட்டுக் கோபத்துக்கும். நான் அடித்ததால் ஆடியவர்கள் எத்தனை பேர் என்று அவனுக்கு நினைவிருக்கிறது. அடித்ததால் மைதானத்துப் பக்கமே வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்கும் நினைவில்லை, அவனுக்கும் தெரியாது. வராதவர்களுக்கு வருகைப் பதிவேடு கிடையாது.

அவனுக்குச் சம்பளமும் கிடையாது. பகலில் டைல்ஸ் வேலைக்குப் போகிறான். கைக்காசு போட்டுத்தான் பையன்களைப் போட்டிக்குக் கூட்டிப்போகிறான். எடை குறைப்பதற்கு வேறு வழி உண்டா, வளர்கிற பையனை அடுத்த பிரிவுக்கு ஏற்றினால் என்ன என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. நான் உள்பட.

சட்டம் எங்கே ஒழுகுகிறது

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2012 போக்சோ சட்டம் பாலியல் குற்றங்களுக்குக் கடுமையானது. குற்றம் நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தாலே 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. 2021 மே மாதம் சென்னையில் பேர்போன தடகளப் பயிற்சியாளர் ஒருவர் அந்தச் சட்டத்தில்தான் கைதானார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, 'பணியிடம்' என்பதற்குள் விளையாட்டரங்கையும் பயிற்சிக் கூடத்தையும் எழுதியே வைத்திருக்கிறது. 2023-இல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோதுதான் அது பலருக்குத் தெரியவந்தது. 2025-இல் வந்த தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம் பாதுகாப்பான விளையாட்டு பற்றிப் பேசுகிறது, ஆனால் அதன் பிடி தேசியக் கூட்டமைப்புகளிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து எங்கள் ஊர் மதில் வரை இறங்கிவர எத்தனை படி!

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிகிறது. பாலியல் குற்றம் என்றால் சட்டம் விழிக்கிறது. அரிவாள் என்றால் விழிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பட்டினி, பைப், பட்டப்பெயர், வீடியோ எல்லாம் 'கோச்சிங்' என்ற பெயரில் கடந்துபோய்விடுகின்றன.

ஜப்பானை இங்கே கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடித்துத்தான் ஆட்டம் வரும் என்று நம்மைப் போலவே நம்பிய நாடு. அங்கே பள்ளியில் அடிக்கக் கூடாது என்பது 1947-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. 2012 டிசம்பரில் ஒசாகாவில் பள்ளிக் கூடைப்பந்து அணியின் கேப்டன், 17 வயதுப் பையன், கோச்சின் அடி தாங்காமல் உயிரை விட்டான். அடுத்த வருடமே விளையாட்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து வன்முறை ஒழிப்பு அறிவிப்பு வெளியிட்டன. 2020-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் போய் விளையாட்டுப் பிள்ளைகளிடம் கேட்டபோது அடி நின்றபாடில்லை. சட்டத்துக்கு எழுபதுக்கு மேல் வயது, அறிவிப்பும் வந்தாயிற்று, ஆனால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2001-இலேயே விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனி அலகு வைத்தார்கள். கால்பந்து கிளப்புகளில் கோச் இல்லாத ஒருவர் நலப் பொறுப்பாளராக இருப்பார், பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும். அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டம், சந்தேகம் வந்த 24 மணி நேரத்துக்குள் புகார் சொல்லும் கடமையை விளையாட்டில் இருக்கும் பெரியவர்கள்மேல் போட்டது. அங்கெல்லாம் குற்றம் நின்றுவிட்டதா என்றால் இல்லை. 2022-இல் பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி வந்த ஒய்ட் அறிக்கையில் எடை பார்ப்பதும் பட்டினி போடுவதும் அப்படியே இருக்கின்றன. படித்தபோது எங்கள் ஊர் மழைக்கோட்டுதான் கண்ணில் வந்தது.

ஒரு பக்கத் தாள்

எங்கள் விஷயம் வழக்காகவில்லை. அம்மா வேண்டாம் என்றார். குழந்தைகள் நலக் குழு கோச்சை எச்சரித்தது, பையனுக்கு மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தது. வீடியோவை அழிக்க வைத்தோம். அழித்தார்கள் என்று நம்புகிறோம்.

அப்புறம் தலைமையாசிரியர், நான், கோச், இரண்டு பெற்றோர் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். வாய்மொழி அனுமதி ரத்து, இனி மைதானம் வேண்டுமென்றால் இந்தத் தாளில் கையெழுத்து. பயிற்சிக்கு வரும் பையன்களின் பட்டியல் பள்ளியில் இருக்க வேண்டும். கோச்சைத் தவிர இன்னொரு பெரியவர் எப்போதும் மைதானத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருதடவை தண்ணீர். உடை மாற்றும் இடத்தில் செல்போன் கூடாது. 18 வயதுக்குக் கீழ் யாரையும் எடைக்காகப் பட்டினி போடக் கூடாது, எடை தாண்டினால் அடுத்த பிரிவு. புகார் சொல்ல வேண்டியவர் யார் என்று பெயரோடு. அந்த இடத்தில் ஒரு சத்துணவு அமைப்பாளர் அக்காவின் பெயரைப் பையன்களே சொன்னார்கள். நான் என் பெயரைச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

இந்தத் தாள் வேலை செய்தது, ஏன் என்றும் எனக்குத் தெரியும். கோச்சுக்கு மைதானம் வேண்டும். தண்டனைச் சட்டம் அவனுக்குத் தூரத்து இடி. மைதானச் சாவியோ பக்கத்தில்.

அரசு செய்ய வேண்டியதும் இதன் பெரிய உருவம்தான் என்பது என் கருத்து. விளையாட்டு அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் 33-ஆவது பொருள். சட்டசபையே சட்டம் இயற்றலாம். 1996-இல் நாவரசு கொலைக்குப் பிறகு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. அந்தச் சட்டத்தில் அவமானமும் பயமும்கூடக் குற்றத்துக்குள் வருகின்றன. ஆனால் அது கல்வி நிறுவனத்தின் மாணவர்களுக்கு. அதை மைதானம் வரை நீட்டுவது பெரிய வேலை என்றால், சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குறுவட்டப் போட்டியிலிருந்து முதலமைச்சர் கோப்பை வரை எல்லாவற்றுக்கும் நுழைவுப் படிவம் இருக்கிறது. அதில் கோச்சின் பெயர், அடையாளம், அவர் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த விவரம், அணியின் புகார்ப் பொறுப்பாளர் பெயர் நிரப்பாமல் அணி ஆட முடியாது என்று வைத்தால் போதும். அரசு மைதானத்தையும் பள்ளி மைதானத்தையும் கேட்பவர்களுக்கும் அதே படிவம். சான்றிதழில்தான் கோச்சின் அதிகாரம் இருக்கிறது, அந்தச் சான்றிதழ் அச்சாகிற இடத்தில்தான் பிடிக்க வேண்டும். எடை வரம்பைப் பார்க்கிறவர்கள் அந்த எடை எப்படிக் குறைந்தது என்றும் கேட்க வேண்டும்.

இதனால் கோச்சுகள் ஓடிவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். சம்பளமில்லாமல் காலை ஐந்தரைக்கு வருகிறவர்கள் மேல் மேலும் தாள் ஏற்றுவதா என்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. தாளோடு சேர்த்து அவர்களுக்கு ஒரு மதிப்பூதியமும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வழியாக வருடத்துக்கு நாலு நாள் பயிற்சியும் கொடுக்க வேண்டும். என் மாணவன் அதற்குக் கட்டாயம் வருவான்.

பையன் அந்த வருட அணித் தேர்வுக்குப் போகவில்லை. இப்போது எடை 61. காலையில் வருவதில்லை, சாயங்காலம் பள்ளி அணியோடு ஆடுகிறான். ரைடு போகிறபோது முன்பு இருந்த துடுக்கு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அது திரும்புமா என்று எனக்குத் தெரியாது. சீனியர்களில் ஒருவன் அவனிடம் தானாக வந்து மன்னிப்புக் கேட்டானாம். இன்னொருவன் இன்றுவரை பேசவில்லை.

ஜூனில் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனார். புதியவரிடம் தாளைப் புதுப்பிக்கக் கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்தார். நல்லா இருக்கு சார் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்கு ஜி.ஓ. எதுவும் இருக்கா சார்?"